புகைபோக்கியும் பிரமாணமும்

சைவ சித்தாந்தம் படிக்க வருகிறவர்களை முதலில் சலிப்படையச் செய்வது அளவை, அதாவது பிரமாணம் பற்றிய பகுதிதான். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தை எடுத்தால், வாழ்த்து முடிந்ததும் சிவனைப் பற்றியோ உயிரைப் பற்றியோ பேச்சு வராது. ஒன்றை அறிந்தேன் என்று எதைக்கொண்டு சொல்கிறாய் என்ற கேள்விதான் வரும். காண்டல், கருதல், உரை என மூன்று வழிகள். பத்தாக விரிப்பவர்களும் உண்டு, அவையும் இந்த மூன்றில் அடங்கும். காட்சியில் ஐயம் எப்படி நுழைகிறது, ஒன்றை வேறாகக் காணும் திரிவு எப்படி நுழைகிறது என்று பாடம் நீண்டுகொண்டே போகும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாதிப் பேர், இறைவன், உயிர், கட்டு என்ற பதி பசு பாசத்துக்கு எப்போது போவோம் என்று கேட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக மனமில்லை. என் பிழைப்பே அளவைதான்.

ஆலைச் சிம்னிகளில் தூசி அளக்கும் கருவிகளை மாட்டுவதும் பராமரிப்பதும் என் வேலை. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகை ஆலைகள் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் பிறகு எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. சிமென்ட் ஆலை, அனல்மின் நிலையம், சர்க்கரை ஆலை பாய்லர் என்று எங்கும் கருவி ஏறியது. சிம்னியில் அளந்த எண் ஆலையின் கன்ட்ரோல் ரூமுக்கும் போகும், வாரியத்தின் சர்வருக்கும் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குச் சிம்னி தெரியாது, எண்தான் தெரியும். அந்த எண் மெய்யா என்பதை அந்த எண்ணே சொல்லுமா, வேறொன்று வந்து சொல்ல வேண்டுமா? இந்த ஒரு கேள்விதான் பல வருடங்களாக என்னோடு ஏணி ஏறி இறங்குகிறது.

எங்கள் வகுப்பு ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இந்தக் கேள்வி மிகப் பழைய வழக்கு என்று அவர் சொன்னார். ஓர் அறிவு தோன்றும்போதே அது மெய் என்ற தகுதியும் கூடவே தோன்றுகிறது, குற்றம் கண்டுபிடிக்கப்படும் வரை அதை நம்பலாம் என்பது மீமாம்சகர் கட்சி. இல்லை, அறிவு மெய்யா பொய்யா என்பதை வேறொன்றைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும் என்பது நையாயிகர் கட்சி. அப்படியானால் அந்த வேறொன்றைத் தீர்மானிக்க இன்னொன்று வேண்டுமே, இது எங்கே போய் முடியும் என்று மீமாம்சகர் மடக்குவார். வகுப்பில் மற்றவர்களுக்கு இது வெறும் வாதம். எனக்கோ இரண்டு கட்சிக்காரரும் சிம்னி பிளாட்ஃபாரத்தில் என் இருபுறமும் நிற்பதாகவே தோன்றியது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒபாசிட்டி மீட்டரில், சிம்னியின் ஒரு பக்கம் ஒளி அனுப்பும் பெட்டி, நேர் எதிர்ப் பக்கம் ரிஃப்ளெக்டர். எல்.இ.டி. ஒளி புகையைக் கடந்து எதிர்ப் பக்கம் பட்டுத் திரும்பி அதே பெட்டிக்கு வரும். எவ்வளவு ஒளி வழியில் தொலைந்தது என்பதிலிருந்து புகையின் அடர்த்தியைக் கணக்கிடும். டஸ்ட் மீட்டரில் இன்னொரு வகை உண்டு. அது தொலைந்த ஒளியைப் பார்ப்பதில்லை. தூசித் துகளில் பட்டுச் சிதறி வருகிற ஒளியைப் பார்க்கும். துகள் அதிகமானால் சிதறல் அதிகம், எண்ணும் அதிகம்.

இரண்டு வகையிலும் கண்ணாடிக்கு முன்னால் சூடான புகை ஓடிக்கொண்டே இருக்கிறது. எலெக்ட்ரோஸ்டாட்டிக் பிரெசிபிடேட்டர் மின்விசையால் பிடித்தது போக மிஞ்சுகிற நிலக்கரிச் சாம்பல், முகத்துக்குப் பூசும் பவுடரைவிட மெல்லியது. அது கண்ணாடியில் படியாமலிருக்க ப்ளோயர் வைத்து வெளிக்காற்றை இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருப்போம். பர்ஜ் ஏர் என்போம். கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது. ப்ளோயர் ஃபில்டர் அடைத்தாலோ மின்சாரம் போனாலோ, குளவி ஹோஸுக்குள் கூடு கட்டினாலோ சிம்னிக் காற்று எதிர்த்துக் கண்ணாடிக்கு வந்துவிடும். ஈரமும் அமிலமும் சாம்பலும் சேர்ந்து படிந்தால் அது துணியால் துடைத்துப் போகிற தூசி அல்ல. சொறி போல ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டக் கூடாது, கண்ணாடி கீறிவிடும். ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியை ஒரு பக்கமாக மட்டும் இழுத்து, மடிப்பை மாற்றி, மறுபடி இழுக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நின்ற பிறகும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஒரு மங்கல் தெரியும். அதையும் எடுத்த பிறகுதான் பெட்டியை மூடலாம்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். கண்ணாடியில் ஒரே அழுக்குப் படிந்தாலும் இந்த இரண்டு கருவிகளும் ஒரே தவற்றைச் செய்வதில்லை. ஒபாசிட்டி மீட்டரில் கண்ணாடி அழுக்கானால் ஒளி குறையும். குறைந்ததெல்லாம் புகையின் கணக்கில் ஏறும். தன் மேல் உள்ள கறையைச் சிம்னியின் குற்றமாகச் சொல்லும். சிதறல் ஒளியைப் பார்க்கும் கருவியிலோ நேர்மாறு. அழுக்குப் படியப் படியத் திரும்பி வரும் ஒளி குறையும், எண்ணும் குறையும். சிம்னி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும்.

முதல் வகைக் கருவியில் அழுக்குப் படிந்தால் அன்று மாலையே எனக்குப் போன் வரும். "அண்ணே, ஒபாசிட்டி ஏறிக்கிட்டே போவுது, அலாரம் அடிக்குது, உடனே வாங்க" என்பார் ஷிப்ட் ஆபரேட்டர். இரண்டாவது வகையில் அழுக்குப் படிந்தால் போன் வராது. மாதக்கணக்கில் வராது. எண் இறங்கியிருக்கிறது, எல்லோருக்கும் நிம்மதி.

உமாபதி சிவம் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, அது இருளைவிடக் கொடியது என்கிறார். இருட்டில் பொருள் தெரியாது, ஆனால் இருட்டு இருப்பதாவது தெரியும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும். இந்தப் பாடம் நடந்த அன்று நான் வேறெதையும் கவனிக்கவில்லை. நம்மை வருத்துகிற பிழை தானாக வெளியே வந்துவிடுகிறது. நமக்கு இதமான பிழை வெளியே வருவதே இல்லை. சுத்தம் செய்ய ஆளை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம்கூட அது இருக்கும் இடத்தில் எழாது.

நல்ல கருவிகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் உள்ளே ஒரு சிறு கண்ணாடி ஒளியின் குறுக்கே வந்து நின்று, புகை இல்லாதபோது எப்படி இருக்குமோ அந்த ஜீரோவைப் போலியாக உண்டாக்கிக் காட்டும். தன் மேல் எவ்வளவு அழுக்கு என்பதையும் கணக்கிட்டு, அளவிலிருந்து தானே கழித்துக்கொள்ளும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிக் கழிப்பதற்கு 4 சதவீத ஒபாசிட்டி என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் கழிக்கக் கூடாது, அழுக்கு என்று அறிவிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. தன் குறையைத் தானே சரிக்கட்டிக்கொள்வது ஓர் அளவு வரைக்கும்தான் நியாயம். அதற்கு மேல் வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் அந்தத் தற்சோதனை பெட்டி இருக்கும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. எதிர்ப் பக்கத்து ரிஃப்ளெக்டர் எப்படி இருக்கிறது, சூட்டில் சிம்னி விரிந்து இரண்டும் நேர்கோட்டிலிருந்து விலகிவிட்டனவா என்பது அதற்குத் தெரியாது. மெய்யான ஜீரோவைப் பார்க்க வேண்டுமானால் ஷட்டவுனில் சிம்னி காலியாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு பாகங்களையும் கழற்றிக் கீழே இறக்கி, அதே தூரத்தில் தூய காற்றில் எதிரெதிரே நிறுத்த வேண்டும். புகை நடுவே நின்றுகொண்டு தன் பூஜ்யத்தை எந்தக் கருவியும் முழுதாக அறிந்ததில்லை. இந்த இடத்தில் மீமாம்சகரை விட்டு நையாயிகரோடு போகிறேன்.

ஒரு கன மீட்டரில் எத்தனை மில்லிகிராம் தூசி என்று சொல்லும் டஸ்ட் மீட்டருக்கு இன்னும் ஒரு சாட்சி வேண்டும். சிம்னியின் போர்ட் வழியே குழாயை நீட்டி, புகை ஓடும் அதே வேகத்தில் காற்றை உறிஞ்சி, திம்பிள் என்ற வடிதாள் கூட்டில் தூசியைப் பிடிப்பார்கள். உறிஞ்சும் வேகம் கூடினால் கனத்த துகள்கள் குழாய்க்குள் திரும்பாமல் நேரே போய்விடும், அளவு குறையும். வேகம் குறைந்தால் அளவு கூடும். திம்பிளை முன்னும் பின்னும் எடை போட்டு, அந்த எடையை வைத்துத்தான் கருவியின் எண்ணைத் திருத்துவோம், அந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃபேக்டர். அந்தத் தராசுக்கு ஆதாரம் எடைக்கல். எடைக்கல்லுக்கு ஆதாரம் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே உள்ள நம் நாட்டுக் கிலோகிராம் 57-ஆம் எண் உருளை. அதற்கும் மேலே ஆதாரமாக இருந்தது பாரீஸ் அருகே உள்ள மூல உருளை. 2019 மே 20 முதல் அதுவும் ஆதாரம் அல்ல, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்தான் ஆதாரம். இது எங்கே போய் முடியும் என்று மீமாம்சகர் கேட்டாரே, எடையைப் பொறுத்தவரை மனிதர் செய்த பொருள் எதிலும் முடியவில்லை.

மேல் நோக்கிப் போகும் இந்தச் சங்கிலி வலுவானது. அறுவது கீழே, திம்பிளைப் பிடிக்கும் கை இருக்கும் இடத்தில். ஏனென்றால் அந்தக் கைக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அளக்கப்படும் ஆலைதான்.

குஜராத்தில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான முறையில் ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்து, ஆலையே பணம் கொடுத்தது. சிம்னித் தூசிக்கு வரம்பு 150 மில்லிகிராம். தணிக்கை அறிக்கைகளின் எண்கள் அந்த 150-க்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருந்தன. சில ஆலைகளுக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, அவர் அளந்ததை இன்னொருவர் மறுபடி அளப்பார் என்றும் ஆக்கினார்கள். எண்கள் மெய்யை நெருங்கின. அதோடு அந்த ஆலைகள் புகையையும் குறைத்தன. அதே ஊர், அதே தொழில், அதே கருவிகள். முக்கியமாக மாறியவை தணிக்கையாளரைத் தேர்ந்த விதமும் கூலி வந்த திசையும் மறு அளவையும்.

எனக்கும் இது புதிதல்ல. ஓர் ஆலையின் மின் நிலையத்தில் வரம்பு 50 மில்லிகிராம், கருவி 60-க்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், ஜீரோ பார்த்தேன், ஸ்பான் என்ற மேல்முனை அளவும் பார்த்தேன், எல்லாம் சரி. "ஃபேக்டரைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டுப் போங்க சார், அடுத்த மாசம் திம்பிள் எடுக்கும்போது பார்த்துக்கலாம்" என்றார் பொறுப்பில் இருந்தவர். கெட்டவர் அல்ல, மேலிருந்து அவருக்கு நெருக்கடி. "இறக்கலாம் சார், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, யார் சொல்லி இறக்கினேன்னு சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதுவேன், நீங்க கையெழுத்துப் போடணும்" என்றேன். பேச்சு அதோடு நின்றது. பிரெசிபிடேட்டரில் ஒரு ஃபீல்டு, அதாவது தூசி பிடிக்கும் ஒரு பகுதி, வேலை செய்யாமல் கிடந்தது. அதைச் சரிசெய்ததும் எண் தானாக இறங்கியது. அடுத்த வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் எங்களுக்கு வரவில்லை.

சித்தியாரின் அளவைப் பகுதி கடைசியில் சொல்வது இதுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்: கண் பிரமாணம் அல்ல, கருத்தும் நூலும்கூடத் துணைக்கருவிகள்தான், ஐயமும் திரிவும் நீங்கிய உயிரின் அறிவாற்றலே பிரமாணம். முதலில் படித்தபோது இது எனக்குக் காற்றில் கட்டிய கோட்டையாகத் தெரிந்தது. இப்போது இதைவிட நடைமுறையான வாக்கியம் என் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை. அறிய வேண்டும் என்று ஒருவர் விரும்பும் இடத்தில் பழைய கருவியும் மெய் சொல்கிறது. அறிய வேண்டாம் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்ட இடத்தில் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவியும் ஊமைதான். அறியும் விருப்பத்தின் மேல் படிகிற தூசியை நாமே துடைத்துக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. கண்ணாடிக்குப் போலவே அதற்கும் வெளியிலிருந்து வரும் காற்று வேண்டும். சித்தாந்தம் அதை அருள் என்கிறது. ஆலை வாசலில் அது கேள்வி கேட்கும் மனிதராக வருகிறது.

அதனால் சிம்னிக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல ஆலைகளின் வாசலில் இப்போது மின்னணுப் பலகையில் தூசி அளவு ஓடுகிறது. அதைப் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். பாய்லர் லோடு ஏறினால், பிரெசிபிடேட்டர் தகடுகளைச் சுத்தியல் தட்டினால், மெய்யான எண் ஆடும். நாள் முழுக்க ஒரே எண் நின்றால் சந்தேகப்படுங்கள். கடைசியாகத் திம்பிள் எடுத்துச் சரிபார்த்தது எந்தத் தேதி, எடுத்தவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று ஆலையிடமும் வாரியத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.