முகம் வாடும்போதே முழங்காலில் நில்!

"இனிமே கடவுள்தான் பாத்துக்கணும்" என்று நாம் எப்போது சொல்கிறோம்? டாக்டர் கையை விரித்த பிறகு. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து உட்கார்ந்த பிறகு. பேச்சு முறிந்து வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு. எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்த பிறகுதான் அவர் வாசலுக்குப் போகிறோம். தம்பி, தங்கையே, உன் மனதின் விஷயத்திலாவது இந்த வரிசையைத் தலைகீழாக மாற்று! கடைசியில் போகிற இடத்துக்கு முதலில் போ!

மனம் ஒரே நாளில் உடைந்துபோவதில்லை. முன்கூட்டியே சொல்லிச் சொல்லிப் பார்க்கும். இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வந்து, கை தானாகப் போனைத் தேடும். வேண்டியவர்கள் கூப்பிட்டால் எடுக்க மனம் வராது. மணி அடித்து ஓயும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பாய். குழந்தை தட்டிவிட்ட ஒரு டம்ளர் தண்ணீருக்கு வீடே அதிரக் கத்துவாய். ஏன் கத்தினோம் என்று உனக்கே விளங்காது. ஞாயிறு ஆராதனைக்குச் சட்டை மாட்டிய பிறகும் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிடுவாய். யாராவது விசாரித்தால், "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு." இல்லை, ஒன்றுமில்லாமல் இல்லை! இது அறிகுறி. நீ எழும்ப வேண்டிய இடம் இதுதான்.

ஆதியாகமம் 4-ம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். காயீனின் காணிக்கை ஏற்கப்படவில்லை. எரிச்சல் மூண்டது, முகம் வாடியது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கை இன்னும் ஓங்கவில்லை, வயலுக்கு யாரும் போகவில்லை, தம்பி ஆபேல் உயிரோடு இருக்கிறான். அந்த நேரத்தில் கர்த்தர் வந்து அவனுடைய கோபத்தையும் வாடிய முகத்தையும் பற்றிக் கேட்கிறார். பாவம் வாசலில் காத்துக் கிடக்கிறது என்று எச்சரிக்கவும் செய்கிறார். காயீன் பதில் சொன்னதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. அடுத்த வசனத்திலேயே அண்ணனும் தம்பியும் வயலில் இருக்கிறார்கள், அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். "ஆமாம் ஆண்டவரே, எனக்குப் பொறுக்கவில்லை, வயிறு எரிகிறது" என்று அவன் அன்றைக்கே கொட்டியிருந்தால்! அழுதிருக்கலாம், சண்டைகூடப் போட்டிருக்கலாம். கேட்டவர் பக்கத்திலேயே நின்றாரே! உன் முகம் வாடும்போதும் அவர் கேட்கிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன். பதில் சொல்.

பதில் சொன்ன ஒருத்தி உண்டு. அன்னாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சக்களத்தி பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு. வருஷந்தோறும் பலி செலுத்தச் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள். இவள் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருந்துவிடுவாள். கணவன் எல்க்கானா நல்லவன், தன் அன்பு போதாதா என்று தேற்றிப் பார்க்கிறான். ஆனால் அவள் வலி அந்த வார்த்தைக்குள் அடங்கவில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து வளைகாப்புக்குப் போகாமல் இருந்துவிடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புரியும்.

ஒரு நாள் அவள் எழுந்து நேராகக் கர்த்தருடைய சந்நிதிக்குப் போனாள். மனங்கசந்து அழுதாள். உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வெளியே வரவில்லை. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினான். அந்த அவமானத்தோடு திரும்பிப் போய், "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் குடிக்கவில்லை, மனபாரத்தை இறக்கிவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மரியாதையாகவும் தெளிவாகவும் விளக்கினாள். சபையில் யாரோ உன்னைத் தவறாக எடைபோட்டதற்காக ஆண்டவரோடு பேசுவதை நீ நிறுத்திவிடாதே!

பிறகு அவள் போய்ச் சாப்பிட்டாள், அவள் முகத்தில் துக்கம் இல்லை என்கிறது வேதம். பின்னால் அவளுக்குப் பிறந்த சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை! பெனின்னாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், நாக்கும் அதே நாக்குதான். பிரச்சினை ஒன்றும் தீரவில்லை. ஆனால் அன்னாளுக்குப் பசித்தது. ஜெபம் முதலில் மாற்றுவது எதை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

"எனக்கு அழகா ஜெபிக்க வராதே" என்கிறாயா? 150 சங்கீதங்களையும் புரட்டு. எத்தனை புலம்பல்கள், எத்தனை கேள்விகள்! 13-ம் சங்கீதம் தொடங்குவதே இன்னும் எத்தனை காலம் என்று தேவனையே கேட்டுத்தான். 88-ம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே நிற்கிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் கர்த்தர். வாய் ஸ்தோத்திரம் சொல்ல, உள்ளே வெந்து சாக வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. கதவைச் சாத்து. வாய்விட்டுப் பேசு. கோபமா, கோபம் என்று சொல். பயமா, எதைப் பார்த்துப் பயம் என்று சொல். மேனேஜரா, மாமியாரா, பெயரைச் சொல்லியே சொல். இரண்டு நிமிடம் போதும், ஆனால் இன்றைக்கே!

சரி, அறிகுறிகளைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டவர்கள்? எலியாவைப் பார். கர்மேல் மலையில் ஜெயித்த தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பிறகு உயிர் தப்ப ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பயணம் போகிறான். கூட இருந்த ஒரே ஆளையும் விட்டுவிட்டுத் தனியே போனான் பார், அங்கேதான் ஆபத்து! சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று ஜெபிக்கிறான். தேவன் அவனைத் திட்டவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு! அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை.

தூக்கமும் சாப்பாடும் தேவன் கொடுத்த மருந்து என்றால், மருத்துவரும் அவர் அனுப்புகிறவர்தான். "ஜெபிச்சா போதும், மாத்திரை எதுக்கு?" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே. இரண்டு வாரமாக மனம் எழும்பவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார். ஜெபித்துக்கொண்டே போய்ப் பார். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதே. பக்கத்தில் இருப்பவரை அந்த நிமிடமே கையைப் பிடித்து நிறுத்திச் சொல். இந்தியாவில் எங்கிருந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஓரேபில் எலியா, தான் ஒருவன்தான் மிச்சம் என்று இரண்டு தடவை சொன்னான். 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார் கர்த்தர். அதோடு விடவில்லை, எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். ஜெபித்து எழுந்ததும் நீயும் ஒருவரைத் தேடிப் போ. "எனக்கு மனசு சரியில்ல, கூட இருங்க" என்று கேள். வெட்கமா? கெத்செமனேயில் இயேசுவே பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், உயிர்போகும் அளவுக்குத் துக்கமாக இருக்கிறது என்று சொல்லி, கூட விழித்திருக்கக் கேட்டாரே! அவர் பிதாவிடம் போய் ஜெபிப்பதற்குள் அவர்கள் தூங்கிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து அவர்களை எழுப்பினார், மறுபடி போய் ஜெபித்தார். நீ கேட்கிற முதல் ஆள் தூங்கிவிட்டால், அடுத்த ஆளைப் போய் எழுப்பு!