வீடு திரும்புதலும் ஓர் ஊழியமே

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம், ரோமர் 16:3-5

மைசூருவின் மண்டி மொஹல்லாவில் சாவ்டே சாலை என்றொரு சாலை உண்டு. அதில் நிற்கும் பழைய மருத்துவமனையை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வருகின்றனர். 1906-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்மருத்துவமனையின் முழுப்பெயரில் ஒரு பெண்மணியின் பெயர் அடங்கியிருக்கிறது: மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த். மைசூர் சமஸ்தானத்தில் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் வெஸ்ட் ஹோல்ட்ஸ்வொர்த்தின் துணைவியார் அவர். சாலைக்குத் தம் பெயரைத் தந்துவிட்டுச் சென்ற சாவ்டே ஐயரும் அதே மிஷனைச் சேர்ந்தவரே.

துணைவியாரின் பெயர் மைசூருவில் நிலைத்தது. கணவரோ தாயகம் திரும்பி, பர்மிங்காம் நகரின் ஹேண்ட்ஸ்வொர்த் கல்லூரியில் புதிய ஏற்பாட்டைக் கற்பித்தார். தம் மிஷனின் வரலாற்று நூலை எழுதுவதிலும் பங்கேற்றார். அவர் மைசூர் நாட்டுக்கு வந்ததைச் சொல்ல ஒரு மருத்துவமனை இருக்கிறது. திரும்பிச் சென்ற பின் வாழ்ந்த நாட்களைச் சொல்ல என்ன இருக்கிறது? கன்னட நாட்டின் வெயிலுக்குப் பழகிய உடலும், அந்நாட்டு மக்களின் பேச்சுக்குப் பழகிய செவியும் இங்கிலாந்தின் மூடுபனியில் எப்படி இருந்தன என்பதை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை.

திருச்சபைகளின் வழக்கமும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கிறது. ஒரு தம்பதியர் பணித்தளத்துக்குப் புறப்படும்போது பிரதிஷ்டை ஆராதனை நடைபெறுகிறது, கைகள் வைத்து ஜெபிக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், புகைவண்டி நிலையம் வரை சென்று வழியனுப்புகிறார்கள். அதே தம்பதியர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வரும்போது அதற்கென்று ஓர் ஆராதனை முறை எந்த ஜெபப் புத்தகத்திலாவது உண்டா? ஆதிச்சபைக்கு இது தெரிந்திருந்தது. பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்கு மீண்டும் வந்து சேர்ந்தபோது, சபை முழுவதும் கூடிவந்து அவர்கள் சொன்னதைக் கேட்டது என்றும், அவர்கள் அங்கே நெடுநாள் சீஷர்களுடனே தங்கியிருந்தார்கள் என்றும் அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தின் இறுதியில் லூக்கா எழுதி வைத்திருக்கிறார். கேட்பதற்கு ஒரு சபையும் தங்குவதற்கு ஓர் இடமும் அவர்களுக்கு இருந்தன.

புதிய ஏற்பாட்டில் ஊழியத் தம்பதியர் என்றதும் நினைவுக்கு வருவோர் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ஆக்கில்லா கருங்கடலோரத்துப் பொந்து நாட்டில் பிறந்தவர். ரோமாபுரியில் குடியிருந்தபோது, கி.பி. 49-ஆம் ஆண்டளவில் கிலவுதியுராயன் யூதரை நகரைவிட்டு அகலச் சொன்னதால், மனைவியுடன் கொரிந்துவுக்கு வந்தார். இருவருக்கும் தொழில் கூடாரம் பண்ணுதல். கூடாரத்தை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நடப்பதும், போன இடத்தில் விரித்து ஊன்றுவதும் அவர்களுடைய வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. கொரிந்துவில் பவுலுக்குத் தொழிலும் தங்குமிடமும் தந்தார்கள். எபேசுவில் அப்பொல்லோவைத் தனியே அழைத்துச் சென்று, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திருத்தமாய் விளக்கினார்கள். பெரிய மேடைகளில் அவர்கள் நின்றதாக வேதாகமத்தில் ஓர் இடத்திலும் இல்லை. வீடும், தறியும் ஊசியும், உணவு வேளையுமே அவர்களுடைய பணித்தளம்.

கிலவுதியு கி.பி. 54-இல் இறந்தான். சில ஆண்டுகளுக்குள் பவுல் ரோமருக்கு நிருபம் எழுதுகிறார். அதன் கடைசி அதிகாரத்தின் வாழ்த்துப் பட்டியலில் ரோமாபுரியிலுள்ளோருள் முதலாவதாக வரும் பெயர்கள் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். துரத்தப்பட்டவர்கள் திரும்பியிருக்கிறார்கள்! திரும்பி வந்து பழைய கடையைத் திறந்து ஓய்ந்து அமர்ந்துவிடவில்லை. அவர்களுடைய வீட்டில் ஒரு சபை கூடிவருகிறது.

இதே பாதையில் நடந்த ஒரு தம்பதியரைத் தமிழ்நாடு நன்கு அறியும். அவர்கள் பேராயர் லெஸ்லி நியூபிகினும் ஹெலன் அம்மையாரும். மைசூருவின் வெஸ்லியன் சபைகளும், காஞ்சிபுரத்தின் ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும், மதுரையின் அமெரிக்க மிஷன் சபைகளும் 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஒரே தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது, முதற்பேராயர்களுள் ஒருவராக, 37 வயதில், மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்குப் பொறுப்பேற்றவர் நியூபிகின்.

ஆனால் அவர்களுடைய இந்திய வாழ்க்கை ஒரு திரும்புதலோடுதான் தொடங்கிற்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1936-இல் திருமணம் முடித்து, அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னையில் கரையிறங்கினார்கள். வந்த சில மாதங்களுக்குள் பேருந்து விபத்து ஒன்றில் லெஸ்லியின் கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தன, கால் தேறவில்லை, தம்பதியர் ஸ்காட்லாந்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது ஊழியம் தொடங்கவே இல்லை. ஆராதனையுடன் அனுப்பப்பட்ட இளம் தம்பதியர் ஊன்றுகோலுடன் திரும்பி வந்தால் ஊரார் என்ன நினைப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எடின்பரோவில் மிஷன் அலுவலகத்தில் பணியாற்றிக் காத்திருந்து, 1939-இல் மீண்டும் வந்தனர். இம்முறை காஞ்சிபுரம்.

காஞ்சிபுரத்தில் அவர்களுடைய அன்றாடம் என்பது தமிழ் கற்பதும் கிராமங்களுக்குச் செல்வதுமாய் இருந்தது. தமிழைப் பேச்சளவில் கற்று நிறுத்திக்கொள்ளவில்லை. அவ்வூர் இராமகிருஷ்ண மடத்தாருடன் வாரந்தோறும் தரையில் அமர்ந்து, ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிஷதமும் மறு வாரம் யோவான் சுவிசேஷமுமாக மாறி மாறிப் படித்தார் நியூபிகின். பிறர் நெஞ்சில் எது இருக்கிறது என்பதை அறியாமல் தம் நெஞ்சில் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல இயலாது என்னும் பணிவு அதில் இருந்தது. ஆக்கில்லாவின் வீட்டில் அப்பொல்லோ அமர்ந்ததும் இதைப் போன்றதொரு தரையில்தானே!

மதுரைக் காலத்து நாட்களை அவரே ஒரு நாட்குறிப்பாக 1951-இல் நூலாக்கினார். 1959 முதல் 1965 வரை உலகச் சபை அலுவல்கள் அவரை இலண்டனுக்கும் ஜெனீவாவுக்கும் அழைத்துச் சென்றன. அது இரண்டாவது திரும்புதல். பின்னர் சென்னைப் பேராயராக ஒன்பது ஆண்டுகள். பெருகிக்கொண்டிருந்த நகரத்தின் சேரிகளையும் தொழிற்சாலைகளையும் சபையின் வாசற்படிக்குள் கொண்டுவர அவர் போராடிய காலம் அது.

1974-இல், 65 வயதை நெருங்கிய நிலையில், ஓய்வு பெற்றார். இங்கேதான் இத்தியானத்தின் மையம் இருக்கிறது.

விமானத்தில் ஏறினால் ஒரு பகலிரவில் இலண்டன். அத்தம்பதியர் அதை விரும்பவில்லை. இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப் பையும் எடுத்துக்கொண்டு, சாதாரணப் பயணிகளைப் போலப் பேருந்து பேருந்தாக மாறித் தரைவழியே புறப்பட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்தவர்களுடைய உடைமை அவ்வளவே. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக இரண்டு மாதங்கள் பயணம். அந்த வழியும் அதிக நாள் திறந்திருக்கவில்லை. 1979-ஆம் ஆண்டின் ஈரான் புரட்சியும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அதை அடைத்துவிட்டன.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இருந்த ஊரில் கிறிஸ்தவர்களைத் தேடிக் கண்டு அவர்களோடு ஆராதித்தனர். ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ஒருவரையும் காணவில்லை. அது எந்த இடம் தெரியுமா? கப்பத்தோக்கியா! பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் பட்டியலில் பொந்துவோடு சேர்த்துப் பெயர் சொல்லப்பட்ட நாடு. பேதுரு தம் முதல் நிருபத்தை எழுதி அனுப்பிய நாடுகளுள் ஒன்று. பசிலியு, கிரகோரி முதலிய பெரும் சபைப் பிதாக்களைத் தந்த மண். ஆக்கில்லா பிறந்த நாட்டுக்கு அண்டை நிலம். பாறையைக் குடைந்த ஆலயங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்த நிலத்தில் லெஸ்லியும் ஹெலனும் தங்கள் இருவரையே சபையாகக் கொண்டு ஆராதனை நடத்தினார்கள். ஆலயங்கள் நிற்க, சபை மறைந்துபோகக்கூடும் என்னும் உண்மையைத் தாயகம் சேருமுன்னே வழியில் கண்டுவிட்டார்கள்.

தாயகம் எப்படி இருந்தது? பர்மிங்காமின் செல்லி ஓக் கல்லூரிகளில் ஐந்தாண்டுகள் மிஷனெரிப் பணியியலைக் கற்பித்தார். அக்காலத்தில் அவரிடம் பலர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்ததில் எது மிகவும் கடினமாக இருக்கிறது? குளிர் என்றோ, வேலையாட்கள் இல்லை என்றோ விடை வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். அவருடைய விடையோ, நம்பிக்கை மறைந்துபோயிருப்பது என்பதாகும். சென்னையின் வறிய சேரியில்கூட நாளை இதைவிட நன்றாயிருக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கண்டவர், எல்லா வசதியும் நிறைந்த தம் சொந்த நாட்டில் அதைக் காணவில்லை. அந்த அதிர்ச்சியில் விளைந்தவையே 1983-லும் 1989-லும் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்ட அவருடைய நூல்கள். வெளிநாடு சென்று திரும்பியிராத ஒருவருக்கு அந்நூல்களை எழுதும் கண் வாய்த்திருக்காது.

ஆயினும் நூல்களைவிட முக்கியமானது வின்சன் கிரீன். பர்மிங்காமின் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சிறு சபை. மைசூருவிலிருந்து திரும்பிய ஹோல்ட்ஸ்வொர்த் கற்பித்த ஹேண்ட்ஸ்வொர்த் பகுதிக்கு அடுத்த பகுதி அது. உறுப்பினர் குறைந்து, மூடிவிடலாமா என்று மேலிடத்தில் ஆலோசனை நடந்தது. வறியோர் வாழும் இடத்தைக் கைவிட்டு வசதியானோர் இருக்கும் இடத்துக்குச் சபை நகருமானால் அது தன்னை மிஷனெரிச் சபை என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது என வாதாடினார் நியூபிகின். அப்படியானால் அதை நடத்துவது யார்? அவரே பொறுப்பேற்றார். பேராயராக இருந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், ஊதியம் பெறாமல், 1980-களின் பெரும்பகுதியும் அச்சிறு சபையின் போதகராக இருந்தார்.

வீடு வீடாகச் சென்று சந்திப்பது அங்கே அவருடைய வழக்கம். இந்தியாவிலிருந்தும் பிற ஆசிய நாடுகளிலிருந்தும் குடியேறியவர்களின் வீடுகளில் கதவு திறந்தது, உள்ளே அழைத்தார்கள், தேநீர் வந்தது, கடவுளைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. வெள்ளையர் வீடுகள் பலவற்றில் கதவு முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டது. காஞ்சிபுரத்தில் அந்நியராக வந்து திண்ணையில் உபசரிக்கப்பட்டவர், தாம் பிறந்த நாட்டில் தம் இனத்தாரின் வாசலில் அந்நியராக நின்றார். ஆனாலும் அடுத்த கதவைத் தட்டினார்.

ஹெலன் அம்மையாரைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. அவருடைய பெற்றோரும் இந்தியாவில் ஊழியம் செய்தவர்கள். நான்கு பிள்ளைகளை வளர்த்து, வந்தவரையெல்லாம் வரவேற்று, அறுபது வயது கடந்தபின் ஆப்கானிஸ்தானத்துப் பேருந்தில் அமர்ந்து வந்த அப்பெண்மணியின் பக்கத்தை வரலாறு ஏறக்குறைய வெறுமையாகவே விட்டுவிட்டது. பவுல் அப்படிச் செய்யவில்லை. ரோமரில் பிரிஸ்கில்லாளின் பெயரைக் கணவர் பெயருக்கு முன்னே எழுதினார்.

தமிழகச் சபைகள் இப்போது அனுப்புகிறவர்களாயும் இருக்கின்றன. இங்கிருந்து ராஜ்மகால் மலைகளுக்கும் குஜராத்தின் பழங்குடி ஊர்களுக்கும் சென்ற தம்பதியர் முதுமையில் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். மால்டோ மொழியிலோ வசாவி மொழியிலோ ஜெபித்துப் பழகியவருக்குத் தம் ஊர் ஆலயத்தின் புதிய பாடல்கள் தெரியவில்லை. பிள்ளைகள் தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார்கள். சொந்தமாக நிலமோ வீடோ வாங்கவில்லை. வாங்கியிருந்தால் காணிக்கை தந்தவர்களே குறை கூறியிருப்பர். வாடகைக்கு வீடு தேடும்போது வயதைக் கேட்டுக் கதவை மூடுகிறார்கள். மிஷனெரி ஞாயிறு அன்று சாட்சி சொல்ல ஒருமுறை அழைக்கப்படுகிறார்கள். பதினைந்து நிமிடம் தரப்படுகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் அழைக்கப்படுகிறார். முப்பது ஆண்டுகள் மாதந்தோறும் அவர்களுக்காகக் காணிக்கை அனுப்பிய குடும்பம், அவர்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பதை அறியாமலே ஜெபக் குறிப்பேட்டில் பணித்தளத்தின் பெயரை வாசித்துக்கொண்டிருக்கிறது.

உணவுக்கும் மருந்துக்கும் வழி செய்வது சபையின் கடமை. அதில் வாதத்துக்கு இடமில்லை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. புதிய மொழியைக் குழந்தையைப்போலக் கற்றவர், அந்நியர் வாசலில் அச்சமின்றி நின்றவர், சிறு கூட்டத்தைக் கண்டு சோர்ந்துபோகாதவர் ஊருக்குள் வந்திருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் திருப்பூரிலும் மைசூருவிலும் நெருக்கடியான அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய மொழியில் இரண்டு வார்த்தை பேச அந்தச் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்?

நியூபிகின் தம் கடைசி ஆண்டுகளை இலண்டனில் ஒரு முதியோர் குடியிருப்பில் கழித்தார். பார்வை மங்கிற்று. இறையியல் மாணவர்கள் வந்து அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். வாசித்ததைப் பற்றி அவர்களுடன் உரையாடினார். கற்க வந்தவர்களுக்கு அங்கே கதவு திறந்தேயிருந்தது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று காலமானார்.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எங்கே மரித்தார்கள் என்பது வேதாகமத்தில் இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதியில் பவுல் இன்னொரு முறை அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறார். அந்த வாழ்த்து சென்று சேர வேண்டிய இடம் ரோமாபுரி அன்று. அவர்கள் மறுபடியும் எபேசுவில் இருக்கிறார்கள்.