மெஷ்ஷுக்கு ஏது மானம்?

முப்பரிமாண அனிமேஷன் துறையில் வேலை பார்க்கும் பெண்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "அது பொண்ணே இல்லீங்க, வெறும் மெஷ்." சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஆட்சேபணை என்று நாங்கள் எதைச் சொன்னாலும் திரும்பி வருவது இந்தப் பதில்தான். இதை அசட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. உயிருள்ள யாரும் அங்கே இல்லாதபோது அநீதி யாருக்கு இழைக்கப்படுகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

மெஷ் என்றால் வலை. கணினிக்குள் ஒரு பெண்ணுருவம் ஆயிரக்கணக்கான சிறு நாற்கோணங்களைச் சேர்த்துப் பின்னிய வெற்றுக்கூடாகத்தான் தொடங்குகிறது. ரிக்கிங் செய்பவர் அதற்குள் எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்துவார். எந்த எலும்பு அசைந்தால் தோலின் எந்தப் பகுதி எவ்வளவு நகரும் என்று நிறம் தீட்டிக் குறிப்பார். துணியும் முடியும் ஒளியும் அதற்குப் பிறகு. சினிமாவுக்கு வினாடிக்கு 24 படங்கள், நம் தொலைக்காட்சிக்கு 25.

உடை மாட்டுவதற்கு முன்பு 'டர்ன்டேபிள்' என்று ஒரு கட்டம் வரும். கைகளை இரு பக்கமும் நீட்டியபடி சாம்பல் நிறத்தில் நிர்வாணமாக நிற்கும் உருவம் பெரிய திரையில் மெல்லச் சுழலும். அறையில் இருப்பவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். ஆண் உருவம் சுழலும்போது தோள் சரியில்லை, கழுத்து குட்டை என்பார்கள். பெண் உருவம் சுழலும்போது முதலில் ஒரு சிரிப்பு எழும், பிறகுதான் கருத்து வரும். அந்தச் சிரிப்பு எழுகிற அறையில் நாங்கள் இரண்டு மூன்று பெண்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெறும் மெஷ் என்றால் சிரிப்பு எதற்கு?

2001இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தின் நாயகி அகி ராஸ், முழுக்கக் கணினியில் உருவானவள். அவள் தலையில் மட்டும் சுமார் 60,000 முடிகள். அவளை ஒரு நடிகையைப் போலவே அடுத்தடுத்த படங்களிலும் நடிக்க வைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் எண்ணியிருந்தார்கள். படம் தோற்றது, அந்த எண்ணமும் போனது. ஆனால் கதையில் விஞ்ஞானியாக வந்த அகி, அதே ஆண்டு ஓர் ஆண்கள் இதழில் நீச்சலுடையில் தோன்றினாள். எந்த நடிகையிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சம்பளம் இல்லை, சம்மதமும் இல்லை.

செய்யப்பட்ட பெண்ணின் மீதான ஆசை பழையது. நம்மிடமும் கொல்லிப்பாவை உண்டு. கொல்லிமலையில் நிறுத்தப்பட்ட அந்தப் பாவை, சிரித்து மயக்கி, நெருங்கியவரைக் கொன்றுவிடும் என்பது கதை. ஆண்களின் அச்சம் கட்டிய கதையாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பாவைக்குத் தன்னை நெருங்குபவரைத் தடுக்கும் ஆற்றலையாவது கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பாவைகளுக்கு அது கிடையாது.

அநீதி யாருக்கு என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பார்ப்பவர்களுக்கு என்பது. இந்த உடல்களைப் பார்த்து வளரும் சிறுமி தன் உடலை வெறுப்பாள், சிறுவன் பெண்ணைப் பண்டமாகப் பார்ப்பான் என்பார்கள். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் இது போதாது என்று நினைக்கிறேன். யாரும் பார்க்காமல் அழிக்கப்பட்ட ஒரு காட்சியிலும் ஏதோ தவறு நடந்தது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அது என்னவென்று சொல்லத் துணியின் பக்கம் போக வேண்டும்.

கணினியில் புடவை கட்டுவது பெரும்பாடு. துணியின் எடை, உராய்வு, காற்று எல்லாவற்றையும் எண்களாகக் கொடுத்தால் மென்பொருள் அதைத் தானே விழ வைக்கும். முந்தானை நழுவாமல் இருக்கத் தோளில் சில புள்ளிகளைப் பிணைக்க வேண்டும். அதற்கு எங்கள் மொழியிலும் 'பின் பண்ணுவது' என்றுதான் பெயர், நாம் ஊக்குக் குத்துவது போலவே. ஒரு புராணத் தொடரில், தாய் ஓடிவந்து குனிந்து குழந்தையைத் தூக்கும் காட்சி என்னிடம் வந்தது. முதல் பார்வைக்குப் பிறகு வந்த குறிப்பு: குனியும்போது பின்னை எடுத்துவிடவும். தீப்பிடித்த வீட்டில் குழந்தையைத் தேடும் பெண் அவள். முந்தானை சரிந்தால் அடுத்த காட்சியோடு ஒட்டாது என்று காரணம் சொன்னேன். அந்தத் தொழில்நுட்பக் காரணத்தை ஏற்றார்கள். அறம் பேசியிருந்தால் ஏற்றிருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே போன்ற காட்சி வேறொருவருக்குப் போனது. தொலைக்காட்சியில் முந்தானை சரிந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் இதே குறிப்பைச் சொன்னால் நடிகை ஒருத்தி முகம் சுளிக்கலாம். முடியாது என்று கேரவனுக்குள் போகலாம். கூட வரும் அம்மாவை நம் சினிமா எவ்வளவோ கேலி செய்திருக்கிறது, அந்த அம்மா எழுந்து வந்து கேட்கலாம். உடையாளர் பெண் ஓசைப்படாமல் இன்னொரு ஊக்கைக் குத்திவிடலாம். இந்த மறுப்புகள் பலவீனமானவை, பலமுறை மிதிபட்டவை. ஆனாலும் அவை அங்கே இருந்தன. கணினி உடல் வந்ததும் அவை எல்லாம் ஒரே வீச்சில் அகன்றுவிட்டன. அந்தப் பெண்ணுருவுக்கு வலிக்காது, சரிதான். என் பிரச்சினை அவளுடைய வலி அல்ல. முடியாது என்று சொல்ல வாய்ப்பே இல்லாத பெண்ணுடல் ஒன்று தயாரிக்கப்படுகிறது, அந்த வாய்ப்பின்மையே அதன் வசதியாகக் கருதப்படுகிறது.

இதைக் கவர்ச்சிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காமம் ததும்பும் பெண்ணுடலை நானே உருவாக்கியிருக்கிறேன், ரசித்து உருவாக்கியிருக்கிறேன். ஆடுபவள் தன் உடலை அறிந்து ஆடுவது வேறு. குழந்தையைத் தேடுபவளின் ஊக்கைக் கழற்றுவது வேறு.

அங்கே யாருமே இல்லை என்பதும் உண்மையல்ல. அனிமேட்டர்கள் ஒரு அசைவைச் செய்வதற்கு முன் தாங்களே நடித்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது வழக்கம். அந்தத் தாய் குழந்தையைத் தூக்கும் விதத்துக்கு, எங்கள் அலுவலக மாடிப்படியில் தலையணையை வைத்துக்கொண்டு பதினேழு முறை நான் குனிந்தேன். அவள் இடுப்பை ஒருக்களித்துத் தூக்குவது என் அம்மா என் தங்கையைத் தூக்கிய விதம். அகி ராஸுக்கும் மிங்-நா வென் என்ற நடிகையின் குரல் இருந்தது. அசைவுகளில் பெரும்பாலானவை மனித உடலிலிருந்து பதிவானவை. அந்த மெஷ்ஷுக்குள் பெண்கள் இருந்தார்கள். பெயர்தான் இல்லை.

ஒரு பாவைக்காக அதைப் படைத்தவள் பேசிய சம்பவமும் உண்டு. பிக்சாரின் 'பிரேவ்' படத்தை (2012) உருவாக்கத் தொடங்கியவர் பிரெண்டா சாப்மன். பிக்சாரில் முழுநீளப் படம் இயக்க அமர்த்தப்பட்ட முதல் பெண். பாதி வழியில் அவரை விலக்கி ஓர் ஆணை இயக்குநராக்கினார்கள். படம் ஆஸ்கர் வென்றபோது இருவரும் மேடை ஏறினார்கள். சாப்மன் தன் மகளை மனதில் வைத்து உருவாக்கிய மெரிடா, அடங்காத சுருள்முடியும் வில்லும் அம்புமாகத் திரிபவள். அந்த முடி துள்ளுவதற்காகவே புதிய மென்பொருள் எழுதினார்கள். 2013இல் டிஸ்னி தன் இளவரசிகள் வரிசையில் அவளைச் சேர்த்தபோது இடை சிறுத்தது, கழுத்துப்பட்டை இறங்கியது, வில் காணாமல் போனது. சாப்மன் பொதுவெளியில் கோபமாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அவளும் வெறும் மெஷ்தான், அவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

ஆனால் சாப்மனுக்குப் பெயர் இருந்தது, ஆஸ்கர் இருந்தது. பின்னை எடுக்கச் சொன்ன குறிப்பை ஏற்க மறுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? காட்சி அடுத்த மேசைக்குப் போகும், அவ்வளவுதான். 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, நடிகரின் கணினி நகலை உருவாக்க அவர் சம்மதம் தேவை என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. நல்ல வெற்றி. எவருடைய நகலும் அல்லாத உடலுக்கு அந்த விதி எட்டாது, அந்த உடலைச் செய்யும் எங்களுக்கும் எட்டாது.

எங்கள் கூடத்தில் நாங்கள் நான்கு பெண்கள் ஒன்று கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கும் வரும் குறிப்புத் தாளில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: இந்த மாற்றம் கதையில் எதற்காக, சொல்பவர் யார். பெயரோடு எழுத வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் குறிப்பில் வேலை செய்யமாட்டோம். இளைய பெண்கள் இருவர் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள், ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்றார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. தாள் இன்னும் மேலாளர் மேசையில் இருக்கிறது. இதற்கிடையில் அந்தத் தொடரின் தாய் உருவத்தை வேறொரு விளம்பரத்துக்கு விற்றுவிட்டார்கள். நகையும் நிறமும் மாறிவிட்டன, நடை மாறவில்லை.