மொட்டு ஆடியிலேயே கட்டியாயிற்று!

தம்பி, உன்னைப் பார்த்து "இவன் தேறமாட்டான்" என்று சொல்லும் ஆளை ஜனவரி மாதம் தென்கொரியாவின் சியோல் நகருக்கு அனுப்பு. அங்கே ஹான் ஆற்றங்கரையில் உங்பொங் என்றொரு சிறு குன்று. சரிவெல்லாம் ஃபோர்சிதியா புதர்தான். கொரியர்கள் கேநாரி என்பார்கள். சியோலின் நகர மலரே அதுதான். ஜனவரியில் ஓர் இலை இருக்காது, வெறும் சுள்ளி. "பட்டுப்போச்சு" என்று அந்த ஆள் அங்கேயும் தீர்ப்புச் சொல்வான்.

மார்ச் கடைசியில் அதே ஆளை மறுபடி அனுப்பு! குன்று முழுக்க மஞ்சள். இலை வரட்டும் என்றுகூடக் காத்திராமல் வெறுங்கொம்பிலேயே பூத்து நிற்கும்.

எப்படி முடிந்தது? அந்த மொட்டு முந்தின கோடையிலேயே, நம் கணக்கில் ஆடி ஆவணியில், அந்த வருடத்துக் கொம்பில் உருவாகிவிட்டது. பூவைப் பற்றி எவரும் பேசாத மாதங்கள் அவை. அதன்பின் பல வாரக் குளிரைத் தாங்கியாக வேண்டும். குளிர் போதாவிட்டால் மொட்டு சரியாக விரியாது. நம் மல்லிகையின் குடும்பம்தான் இதுவும். ஆனாலும் மதுரை வெயிலில் நட்டால் பூவுக்கு ஏங்க வேண்டியதுதான். நீ வாடுவது உன் குறையா, நிற்கும் இடத்தின் குறையா என்று முதலில் பார்!

கடுங்குளிர் சில வருடம் மேல்கொம்பு மொட்டுகளைக் கருக்கிவிடும். அந்த வருடமும் பனிக்குள் புதைந்து கிடந்த அடிக்கொம்புகள் பூக்கும். புதைத்த பனியே போர்வையானது!

இந்தச் செடிக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி, அக்டோபரில் கத்தரியோடு வருகிறவன். "ஒழுங்குபடுத்துகிறேன்" என்று அவன் நறுக்கித் தள்ளுவது அடுத்த வசந்தத்தின் மொட்டுகளை. பந்துபோல உருட்டி வெட்டிய ஃபோர்சிதியாவைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வளைந்து சரியும் கொம்புதானே அதன் அழகு! வெட்டவே கூடாதா? வெட்டு! பூ உதிர்ந்த கையோடு, கிழட்டுக் கொம்புகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டு. தினம் ஆறு மணி நேர வெயில் கொடு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதே; இலைதான் மண்டும், பூ குறையும். மொத்தப் புதரையும் தரையோடு அறுத்தாலும் துளிர்க்கிற செடி இது. பழையபடி பூக்க ஓரிரு வருடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பரீட்சை முடிவு பார்த்துத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாயே, எழுந்திரு! கத்தரியோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்து. உன் பழைய சோம்பலை உன் கையாலேயே அடியோடு அறு. அடுத்த மார்ச்சுக்கான மொட்டை இந்த ஆடியில் கட்டு, இன்றைக்கே உட்கார்!