வாசனையும் அதன் மருந்தும்

விட முயன்றும் விடாத பழக்கத்தைத் தமிழர் தம் பேச்சில் ‘பழக்கதோஷம்’ என்றும் ‘பூர்வ ஜென்ம வாசனை’ என்றும் குறிப்பதுண்டு. இவற்றுள் முன்னது சிறு பிழைகளுக்குச் சமாதானமாக வழங்க, பின்னதோ தத்துவ நூல்களிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு இறங்கி வந்ததாகும். ஒரு செயல் முடிந்த பின்னும் மனத்தில் தங்கி, அதனையே மீண்டும் செய்யத் தூண்டும் பதிவு வாசனை எனப்படும்.

13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், மெய்ப்பொருளைக் கண்ட ஆன்மாவும் திருவைந்தெழுத்தை ஓத வேண்டுவது ஏன் என்பதைச் சிவஞானபோதத்தின் ஒன்பதாம் நூற்பாவில் ஆராயும்போது, வேம்பு தின்று பழகிய புழு மீண்டும் வேம்பையே நாடுவதுபோல் ஆன்மாவும் தான் முன்பு நோக்கியதையே நோக்கி நிற்கும் என்று காரணம் காட்டுகிறார். அறியாமை நீங்கினால் பழக்கமும் தானே நீங்கிவிடும் என்னும் நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை. அறிவு வந்த பின்னும் எஞ்சி நிற்கும் இத்தாக்கத்திற்குச் சைவர் ‘வாசனா மலம்’ என்று தனிப்பெயரே இட்டனர். மதுவின் கேட்டைக் குடிப்பவரைவிட நன்கு அறிந்தவர் இலராதலால், அதனையே அவருக்கு மீண்டும் எடுத்துரைப்பது எவ்வளவு குறைந்த பயனுடையது என்பதும் இதனால் விளங்கும்.

14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் ‘ஜீவன்முக்தி விவேகம்’ என்னும் நூலில் உலக வாசனை, உடல் வாசனை என்பவற்றோடு சாத்திர வாசனையையும் சேர்த்தார். ஓயாது ஓதும் வேட்கைக்கு அவர் காட்டும் சான்று பரத்வாசர். மூன்று ஆயுட்காலங்களை வேதம் ஓதுவதிலேயே கழித்த அம்முனிவர், நான்காவது கிடைப்பினும் அதனையே செய்வதாக இந்திரனிடம் கூறினார். பற்றிய பொருள் உயர்ந்ததாயின் பற்றும் உயர்ந்ததே என்று எண்ணுவோர், சிறப்பாகக் கற்றோர், தயங்கி நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

வாசனை என்னும் சொல்லை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் பொருளில் ஆள்வது பெரும் பிழை. நல்வாசனை, தீவாசனை எனப் பகுக்கும் யோகவாசிட்டம், மனத்தின் ஓட்டத்தை நல்வழியில் திருப்ப மனித முயற்சியால் இயலும் என்று வற்புறுத்துகிறது. மெய்கண்டாரோ, அறிந்தவனையும் தனியே விட்டுவிடாமல், அன்பரொடு கூடி வாழ்தலையும் ஆலய வழிபாட்டையும் தம் நூலின் பன்னிரண்டாவதாகிய இறுதி நூற்பாவில் விதித்தார்.