சைக்கிளுக்கும் உண்டு ஜீர்ணோத்தாரணம்

ஆயுத பூசையன்று மலையகத்து ராகலையில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்கும், கடைத்தெருவில் நிற்கும் முச்சக்கரவண்டிக்கும், லயத்துச் சுவரில் சாய்த்து வைத்த பழைய சைக்கிளுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம்தான். அந்தச் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு பூட்டினால், அடுத்த வருடம் பொட்டு வாங்குவது அதே சைக்கிளா, வேறு சைக்கிளா?

கேள்வி பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தரைப் பாளி மரபு மிலிந்தன் என்று அழைக்கிறது. நீ ஏறிவந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று பௌத்தத் துறவி நாகசேனத் தேரர் அவனை மடக்குகிறார். தனித்தனியாக எதுவும் தேர் இல்லை. எல்லாம் கூடி நிற்கும்போது வழங்கும் பெயரே தேர்; மனிதனும் அப்படியே என்பது அவர் கட்சி. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், இந்த உரையாடல் சிங்களத்துக்கும் வந்து சேர்ந்தது.

சைவர்கள் இதை ஒப்புவதில்லை. 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின்படி, ‘என் உடல்’ என்று சொல்கிறவன் உடலுக்கு வேறானவன். ஆனால் சைக்கிளுக்கு உயிர் கிடையாது. ‘என் சைக்கிள்’ என்று சொல்லும் ஆளுக்குத்தான் உண்டு. ஆகவே இரும்பைப் பொறுத்தவரை நாகசேனரே சரி: சைக்கிள் என்பது பாகங்களின் பொருத்தம். எதை மாற்றலாம் என்பதையும் அந்தப் பொருத்தம்தான் தீர்மானிக்க வேண்டும்.

கோயிலில் இதற்கு ஒழுங்கான வழி உண்டு. பழுதான கோயிலைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்தில் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றித் தற்காலிகப் பாலாலயத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகம். பழையதைக் கழிப்பது பாவமல்ல. ஆனால் லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் அளவு ஒத்துப்போக வேண்டும் என்பதில் ஆகமம் விட்டுக்கொடுப்பதில்லை.

போர்க் விஷயமும் அளவில்தான் நிற்கிறது. பழைய சைக்கிள்களில் போர்க்கின் தண்டு பெரும்பாலும் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர். அதன் தலையில் மரை வெட்டியிருக்கும். மேல் கப்பை அந்த மரையில் திருகி, அதன்மேல் ஒரு நட்டைப் போட்டு இறுக்குவார்கள். கப்புக்குள் இருக்கும் குண்டுகள் ஆடவும் கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. அந்த நடு நிலையைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் தண்டுக்குள் இறங்கி ஆப்புப்போல் இறுகும். உயரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும்.

1990களில் பரவிய மரையில்லாப் போர்க்கில் தண்டு வழுவழுப்பாக இருக்கும், வழக்கமான அளவு 28.6 மில்லிமீற்றர். ஸ்டெம் வெளியிலிருந்து தண்டைக் கவ்வும். ஒரு அலன் கீ இருந்தால் வேலை முடிந்தது. பாரம் குறைவு, பிடி உறுதி; மலை ரோட்டில் இவை சின்ன லாபங்கள் அல்ல. ஆனால் தண்டை ஆளின் உயரத்துக்கு ஏற்ப அறுக்க வேண்டும். கட்டையாக அறுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு அங்குலத் தண்டுக்குச் செய்த பிரேமின் தலைக்குழாயில் 28.6 தண்டும் அதற்கான கப்புகளும் பொருந்தவும் பொருந்தா.

இங்கேதான் ஆசைக்கும் தேவைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. போர்க்குக்காகப் பிரேமையே மாற்றுகிறவர் பழைய சைக்கிளைப் புதுப்பிக்கவில்லை, புதுச் சைக்கிள் வாங்குகிறார். வாங்கட்டும், தவறில்லை, ஆனால் அதைப் புதுப்பித்தல் என்று நினைத்துச் செலவழிக்கக் கூடாது. ஹேண்டிலை மட்டும் நவீனமாக்க விரும்புகிறவருக்கு நடுவழியும் உண்டு: பழைய தண்டுக்குள் இறங்கி, மேலே புது ஸ்டெம்மைத் தாங்கும் அடாப்டர்.

கந்தப்பளைப் பக்கமோ உடப்புசல்லாவைப் பக்கமோ இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன் போர்க்குக்கே வருகிறது. ஆகவே வளைந்த போர்க்கையும் மரை அழிந்த தண்டையும் வைத்துக்கொண்டு பழமை பேச வேண்டாம்; கட்டாயம் மாற்றுங்கள். போர்க் நல்ல நிலையில் இருந்தால் குண்டுகளை மாற்றி, கிரீஸ் பூசி ஓட்டலாம். எதை வாங்குவதானாலும் தலைக்குழாயையும், பழைய தண்டின் விட்டத்தையும், சக்கர அளவையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.