பெருவிரலும் பெருங்கடனும்

இசையரங்கில் ஓர் இளங்கலைஞர் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தி, தன்னையறியாமல் தன் முழங்கால்மீது விரல்களை அசைக்கிறாள். அவள் உள்ளத்தில் ஓர் ஆசை பிறந்துவிட்டது. கைதட்டல் ஓய்ந்து அரங்கம் கலைகிறது; கலைஞர் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். அந்த ஆசையைத் தூண்டியவருக்கு அதை வளர்க்கும் பொறுப்பும் உண்டா? திறமை பெற்ற ஒருவர், தம்மைக் கண்டு வியக்கும் குழந்தைக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்?

இவ்வினாவோடு நாம் வரலாற்றைப் புரட்டும்போது நம்மை நிறுத்தி வைக்கும் பெயர் கார்ல் செர்னி. பியானோ பழகும் பிள்ளைகள் அப்பெயரைப் பயிற்சி நூல்களின் அட்டையில் காண்பர். பலர் சற்று அலுப்போடுதான் காண்பர். விரல்களுக்கு ஓயாத வேலை தரும் அப்பயிற்சிகளை எழுதியவர் உள்ளம் வறண்டவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றுகூட எண்ணத் தோன்றும். அவர் வாழ்க்கையோ வேறொன்றைச் சொல்கிறது.

செர்னி 1791-இல் வியன்னாவில் பிறந்தார். தந்தையும் பியானோ ஆசிரியரே. ஏறத்தாழப் பத்து வயதில் சிறுவன் செர்னி பீத்தோவனிடம் அழைத்துச் செல்லப்பட்டான். தாள்களும் துணிகளும் இறைந்து கிடந்த அறை, சிலிர்த்து நின்ற கருமயிர், காதுகளில் பஞ்சு. ராபின்சன் குருசோவையே நேரில் கண்டதுபோல் இருந்தது என்று செர்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிறுவன் மொசார்ட்டின் படைப்பொன்றை வாசிக்க, பீத்தோவன் அருகில் அமர்ந்து இடக்கையால் உடன் வாசித்தார். பிறகு அவனை மாணவனாக ஏற்றுக்கொண்டார்.

மாமேதை கற்பித்த முதற்பாடங்கள் எவை? சுரவரிசைகள் மட்டுமே. கையை வைக்கும் நிலை, விரல்களை வளைக்கும் முறை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருவிரலைப் பயன்படுத்தும் விதம். அந்நாளில் ஐரோப்பாவே வியந்து கேட்ட இசையைப் படைத்துக்கொண்டிருந்தவர், ஒரு சிறுவனின் பெருவிரலைக் குனிந்து கவனித்தார் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிட இயலாது. கலைஞரின் புகழ் குழந்தையைத் தூரத்திலிருந்து ஈர்க்கும். ஆனால் அப்புகழ் அதன் விரலைத் திருத்தாது. அதற்கு ஒருவர் அருகில் வந்து அமரவேண்டும்.

1812-ஆம் ஆண்டு, பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோ வியன்னாவில் முதன்முறையாக அரங்கேறியபோது அதை வாசித்தவர் செர்னி. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று நிரம்பவில்லை. ஊர் ஊராகச் சென்று புகழும் பொருளும் ஈட்டும் பாதை அவர்முன் திறந்திருந்தது. அவரோ வியன்னாவிலேயே தங்கி, பதினைந்து வயதில் தொடங்கிய ஆசிரியப் பணியையே வாழ்வாக்கிக்கொண்டார். காலை எட்டு மணி தொடங்கி இரவு எட்டு மணிவரைகூடக் கற்பித்த காலம் உண்டு. இதைத் துறவு என்று நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. கூட்டத்தை மயக்கும் பகட்டு தம் வாசிப்பில் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார், பெற்றோரும் முதியவர்கள், நாடோ போர்களால் அலைக்கழிந்தது. எனினும், தம் அளவை அறிந்து, தமக்குரிய இடத்தில் முழுமனத்தோடு நிலைப்பதும் ஓர் அறமே அல்லவா?

பீத்தோவன் தம் தம்பி மகனைச் செர்னியிடமே பயில அனுப்பினார். அப்போது அவர் எழுதிய கடிதம் ஒன்றின் கருத்து ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. விரலமைப்பும் தாளமும் ஓரளவு சரியாகிவிட்டால், சிறு பிழைகளுக்காகச் சிறுவனை இடையில் நிறுத்த வேண்டாம். வாசித்து முடித்தபின் சுட்டிக்காட்டுக என்பதே அது. பிழையைக் கண்டும் இறுதிவரை பொறுத்திருப்பது பிழையைக் காண்பதைவிட அரியது. பொறுமையற்றவர் என்று பெயரெடுத்த பீத்தோவனே பிறரிடம் இப்பொறுமையை வேண்டினார்.

1819-இல் ஒருவர் தம் எட்டு வயது மகனைச் செர்னியிடம் அழைத்து வந்தார். வெளிறிய முகம், மெலிந்த உடல். வாசிக்கும்போது மது அருந்தியவனைப் போல இருக்கையில் ஆடினான். விரல் முறையும் தாளமும் தாறுமாறு. ஆயினும் இயற்கை அவனுக்கு அளித்திருந்த வரம் செர்னியை வியப்பில் ஆழ்த்தியது. அவன் பெயர் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1822-இல் அக்குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தபின் செர்னி மாலைதோறும் அவனுக்குக் கற்பித்தார். குடும்பத்தின் வறுமை அறிந்து கட்டணம் பெற மறுத்தார். ஆசையை எரியவிட்டு, அதற்கு ஒழுங்கையும் தந்தார்.

ஆனால் 1823-இல், பயிற்சி நன்கு வேரூன்றிவந்த வேளையில், தந்தை மகனை வெளிநாட்டு மேடைகளுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். வருவாய் நோக்கிய அவசரம் அது என்று செர்னி வருந்தினார். தந்தையை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பிக்க இயலுமா? ஒரு குழந்தையின் திறமை வெளிப்பட்டதும் அதைச் சுற்றி எத்தனை கணக்குகள் கூடிவிடுகின்றன! பெற்றோருக்குப் பெருமை, ஆசிரியருக்குப் பெயர், கூட்டத்துக்கு வியப்பு. இவற்றுக்கு நடுவே, அக்குழந்தை இன்று எதைக் கற்கவேண்டும் என்று மட்டும் கேட்பவரே அதன் உண்மையான நண்பர். செர்னி அந்த நண்பராக இருந்தார். ஆயினும் மாணவனைத் தடுத்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. கற்பிப்பவர் தாம் வளர்த்ததை முழுமை பெறுமுன்னரே பிறர் கையில் விட்டுக்கொடுக்கவும் கற்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவன் மறக்கவில்லை. வளர்ந்து ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞரான லிஸ்ட், 1852-இல் வெளியிட்ட தம் கடினமான பயிற்சிப் படைப்புகள் பன்னிரண்டையும் செர்னிக்கே காணிக்கையாக்கினார். 1865-இல் உரோமையில் திருச்சபையின் தொடக்கநிலைப் பட்டங்களை ஏற்ற அவர், முதிய வயதில் வைமர் நகரில் இளைஞர் பலருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். செர்னியிடம் பெற்றதைச் செர்னிக்கே திருப்பித் தர வழியில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. இத்தகைய கடன் பின்னோக்கி அடைபடுவதில்லை. அடுத்து வந்து நிற்கும் இளையவரிடம்தான் அதைத் தீர்க்கவேண்டும்.

1857-இல் செர்னி மறைந்தார். மணமாகாத அவர் தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு எழுதிவைத்திருந்தார். பயன்பெற்றவற்றுள் செவித்திறன் அற்றோருக்கான நிறுவனமும் ஒன்று. வாழ்நாள் முழுதும் ஒலியையே கற்பித்தவர், ஒலி எட்டாதவர்களை இறுதியில் நினைத்தார். காதில் பஞ்சோடு தம் பெருவிரலைத் திருத்திய ஆசான் அப்போது அவர் நினைவில் வந்திருப்பாரோ? நாம் அறியோம், ஆயினும் அவ்வாறு எண்ணுவது நமக்கு ஆறுதலாக இருக்கிறது.

முன்வரிசைச் சிறுமியிடம் திரும்புவோம். மேடையில் இருக்கும் கலைஞர் அவளுக்குத் தம் புகழைத் தரவேண்டியதில்லை. இறங்கிவந்து சிறிது நேரம் அருகில் அமர்ந்தால் போதும். அவரால் இயலாவிட்டால் அந்த இடம் நம்முள் யாருக்கோ உரியது. நாம் கற்றது எழுத்தோ, தையலோ, இசையோ, எதுவாயினும், அதை நமக்குக் கற்பிக்க ஒருநாள் ஒருவர் நம் விரலைப் பிடித்தார். அந்தக் கை நினைவிருக்கிறதா? அக்கடனைத் தீர்க்கும் இடம் நம் அருகிலேயே இருக்கக்கூடும்.